கந்தோர் மேசைக்கு இருபுறமும்

"கோழி மேய்ப்பதானாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் மாதம் தவறாது சம்பளமும், முதுமையில் பென்ஷனும், ஊரில் மதிப்பும், கலியாணச் சந்தையில் விலையும் உண்டென்ற எண்ணத்திலே பிறந்தது அது. ஆயின் அப்பழமொழியில் ஒரு குறை உண்டு. மேய்ப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்று அது சொல்கிறதேயன்றிக் கோழிகளின் கதி யாது என்று சொல்லவில்லை. இன்று நாம் ஆராயப் புகுவது அந்தக் கோழிகளின் பக்கத்தையுஞ் சேர்த்தே.

அரசாங்கக் கந்தோர்கள் பலவிருப்பினும், நம் வீட்டு வாசலுக்கு மிக அண்மையிலிருப்பவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பனவே. வீதியோரத்து வாய்க்கால், தெருவிளக்கு, சந்தைக் கட்டிடம், நூலகம், குப்பை வண்டி, மயானம் யாவும் அவற்றின் பொறுப்பு. வீடு கட்டுவதாயின் அனுமதி வேண்டும். கடை திறப்பதாயின் லைசென்ஸ் வேண்டும். கட்டிய வீட்டுக்குச் சோலைவரி இறுத்தல் வேண்டும். மந்திரியைக் காணாமலே ஒருவர் தம் ஆயுளைக் கழித்துவிடலாம். சபைக் கந்தோர் இலிகிதரைக் காணாமற் கழிக்க முடியாது. ஆகவே அந்த இலிகிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று விதிக்கப்பட்டிருக்கிறது, அவருக்குரிய பாதுகாப்பு யாது, நமக்குரிய உரிமை யாது என்பவற்றை ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்துவைத்தல் நன்று.

சபைகள் வந்த வரலாறு

இலங்கையில் மாநகர சபைகளுக்கு வித்திட்டது 1865-ம் ஆண்டின் 17-ம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொழும்பும் கண்டியும் முதலில் அதன்கீழ் வந்தன. காலி பின்னர் சேர்ந்தது. அக்காலத்துச் சபைகளில் அரசாங்க அதிபரே தலைமை வகித்தார். மக்களின் பிரதிநிதிகள் தம்முள் ஒருவரை மேயராகத் தெரிவு செய்யும் முறை கொழும்பில் வருவதற்கு 1937-ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தெரிவான முதல் மேயர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து ஒரு தமிழர் என்பது நம்மிற் பலர் மறந்துவிட்ட செய்தி. யாழ்ப்பாணம் 1949-ம் ஆண்டில் மாநகர சபையாக உயர்ந்தது. மட்டக்களப்பு 1967-ம் ஆண்டில் உயர்ந்தது.

இன்று மாநகர சபைகளை ஆளுஞ் சட்டம் 1947-ம் ஆண்டின் 29-ம் இலக்கக் கட்டளைச் சட்டம். நகர சபைகளுக்கு 1939-ம் ஆண்டின் 61-ம் இலக்கச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987-ம் ஆண்டின் 15-ம் இலக்கச் சட்டமும் உள்ளன. இச்சட்டங்கள் சபைக்குச் சாட்டும் கடமையைச் சுருங்கச் சொன்னால், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், தெருக்கள் ஆகியவற்றைப் பரிபாலித்து, ஊர்மக்களின் வசதியையும் நலத்தையும் பேணுதலாம். மேயரும் அங்கத்தவர்களுந் தீர்மானிப்பர். ஆணையாளரும் அவருக்குக் கீழுள்ள உத்தியோகத்தரும் ஊழியரும் நிறைவேற்றுவர். இந்த இரு கரைகளுக்கிடையேதான் ஆறு ஓடுகிறது.

யாருக்கு யார் எசமான்?

சபை ஊழியரின் எசமான் யார் என்ற கேள்வி பழையது. அங்கத்தவர் ஒருவர் தம் மைத்துனருக்கு வேலை கேட்பார். மற்றொருவர் தமக்கு வாக்களியாத இலிகிதரை வேறிடத்துக்கு அனுப்பச் சொல்வார். இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்கே 1945-ம் ஆண்டில் உள்ளூராட்சிச் சேவை என்னும் பொதுச்சேவை சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1974-ம் ஆண்டில் அது புதிய சட்டத்தின்கீழ் வந்தது. மாகாண சபைகள் 1987-ம் ஆண்டில் உருவானபின், சபைகளின் உத்தியோகத்தர் மாகாணப் பொதுச் சேவையின் உறுப்பினராயினர். நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியன மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

இதன் கருத்து யாது? அங்கத்தவர் கட்டளையிடலாம்; ஆனால் சட்டத்துக்கு மாறான கட்டளைக்கு உத்தியோகத்தர் தலைவணங்க வேண்டியதில்லை. தேர்தலில் வென்றவர் நாலாண்டு வந்து போவார். உத்தியோகத்தரோ முப்பது ஆண்டு இருப்பார். வந்து போகிறவர் விருப்பத்துக்கு இருக்கிறவர் வளைந்துகொடுத்தால், கந்தோரிலுள்ள கோவைகள் யாவும் வளைந்துபோகும்.

இதன் முக்கியத்துவம் அண்மையில் நன்கு புலனாயிற்று. 2018-ம் ஆண்டு தெரிவான சபைகளின் காலம் 2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடிவுற்றது. தேர்தல் தள்ளிப்போய், 2025-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதியே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேற்பட்ட காலம் நாட்டிலுள்ள சபைகள் அங்கத்தவரின்றி, ஆணையாளர்களாலும் செயலாளர்களாலுமே நடத்தப்பட்டன. கேள்வி கேட்பதற்கு மேயருமில்லை. முறையிடுவதற்கு வட்டார அங்கத்தவருமில்லை. அக்காலத்திற் குப்பை அள்ளப்பட்டதும், விளக்கு எரிந்ததும், நூலகம் திறந்திருந்ததும் உத்தியோகத்தரின் கடமையுணர்ச்சி ஒன்றினாலேயே. எங்கெங்கு அவ்வுணர்ச்சி குன்றியிருந்ததோ, அங்கங்கெல்லாம் மக்கள் பட்ட தொல்லையைத் தட்டிக் கேட்க ஆளில்லாதிருந்தது.

கோவை என்ன சொல்கிறது?

அரசாங்க உத்தியோகத்தருக்கு வேதம்போல் விளங்குவது தாபன விதிக்கோவை. இரு பாகங்களைக் கொண்ட இந்நூலின் முதற் பாகம் நியமனம், சம்பளம், லீவு முதலியவற்றையும், இரண்டாம் பாகத்தின் 47-ம், 48-ம் அத்தியாயங்கள் ஒழுக்கத்தையும் ஒழுக்காற்று விசாரணையையும் கூறுகின்றன. மாகாணப் பொதுச் சேவையிலுள்ள சபை ஊழியருக்கும் வழிகாட்டி இதுவே.

முதலாவது, நேரம். பழைய கந்தோர்களில் வரவுப் புத்தகத்திற் குறித்த நேரத்துக்குச் சிவப்புக் கோடு கிழிப்பார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டவர் பிந்தி வந்தவர். இன்று பல சபைகளில் விரலடையாளம் பதியும் யந்திரம் வந்துவிட்டது. யந்திரத்துக்குச் சிபாரிசு தெரியாது என்பது அதன் சிறப்பு; விரலைப் பதித்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனவரை அது காணாது என்பது அதன் குறை. நேரத்துக்கு வருதல் என்பது உடம்பு வருதலன்று, வேலை தொடங்குதலே.

இரண்டாவது, லீவு. ஆண்டுக்கு 21 நாள் அமய லீவும், 24 நாள் ஓய்வு லீவும் உத்தியோகத்தருக்கு உண்டு. தாய்மார்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. இவை சலுகைகளல்ல, உரிமைகள். ஆயினும், அறிவிக்காமலும் அனுமதி பெறாமலும் வேலைக்கு வராதிருப்பவர் தாமாகவே பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவார். எத்தனையோ ஏழைச் சிற்றூழியர் இந்த விதியை அறியாது, நோயுற்றபோது மருத்துவச் சான்றிதழ் அனுப்பாமலிருந்து, தம் உத்தியோகத்தை இழந்திருக்கின்றனர். வீட்டிலுள்ளோர் இவ்விதியை அறிந்திருந்தால் ஒரு தபாலுறையால் ஒரு குடும்பத்தின் சீவனத்தைக் காப்பாற்றிவிடலாம்.

மூன்றாவது, வருவாய். உத்தியோகத்தர் அனுமதியின்றி வேறு ஊதியத் தொழில் செய்தலாகாது. தமது கடமையோடு தொடர்புடையவரிடமிருந்து பரிசு பெறலாகாது. தாம் பணிபுரியும் சபையின் ஒப்பந்தத்தில், நேராகவோ மனைவி மக்கள் பெயராலோ இலாபம் அடைதலாகாது. கடன்பட்டு மீளமுடியாத நிலைக்கு வருதலுங்கூடக் கோவையிற் குற்றமாகவே சொல்லப்படுகிறது. முதலிற் கேட்கும்போது இது கொடுமையாகத் தோன்றும். துன்பத்திலிருப்பவனுக்குத் தண்டனையுமா என்று மனம் கேட்கும். ஆயினும் விதியின் உட்கருத்து வேறு. கழுத்துவரை கடனில் மூழ்கியவரின் மேசையிற் கட்டிட அனுமதிக் கோவையை வைத்தல், பசித்த பூனைக்கு அருகிற் பாற்சட்டியை வைத்தல் போலாம்.

நான்காவது, நா. கடமையிலறிந்த செய்திகளை அதிகாரமின்றி வெளியிடலாகாது, பத்திரிகைகளுக்குக் கூறலாகாது. 2022-ம் ஆண்டு செப்டெம்பரில், சமூக ஊடகங்களில் கருத்துத் தெரிவிப்பதும் இவ்விதிக்குள் அடங்கும் என்று சுற்றுநிருபம் ஒன்று எச்சரித்தது. அதுபற்றி வாதப்பிரதிவாதங்கள் எழுந்தன. உத்தியோகத்தரும் ஒரு பிரசைதானே, அவர் வாய்க்குப் பூட்டா என்று ஒரு சாரார் கேட்டனர். கந்தோர் இரகசியங்களும் அயலவரின் சொந்த விவகாரங்களும் அம்பலத்தில் ஏறலாமா என்று மறுசாரார் கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவையே. நமது கருத்தில், பிறர் வீட்டுச் செய்தியைக் காக்கும் விதி வேறு. சபைப் பணம் வீணாவதைச் சொல்லவொட்டாது தடுக்கும் விதி வேறு. முன்னையது ஒழுக்கம், பின்னையது ஒழுக்கத்தின் வேடம்.

ஆண்டுதோறும் சனவரி மாதத்தின் முதல் வேலைநாளில், உத்தியோகத்தர் யாவரும் கொடிமரத்தடியில் நின்று உறுதிமொழி எடுக்கின்றனர். அடுத்த பன்னிரண்டு மாதமும் அம்மொழி எங்கே இருக்கிறதென்பதே கேள்வி.

கையூட்டும் குடும்பமும்

இலஞ்சத்தைத் தடுப்பதற்கென 1954-ம் ஆண்டில் இலஞ்சச் சட்டம் வந்தது. அதனை நீக்கி, 2023-ம் ஆண்டின் 9-ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்பொழுது நடைமுறையிலுள்ளது. பணமும் பண்டமும் மாத்திரமன்று. ஒரு காரியத்தை முடித்துக் கொடுப்பதற்காகப் பெண்ணொருத்தியிடம் தகாத இணக்கம் கேட்டலும் இலஞ்சமே என்று புதிய சட்டம் எடுத்துரைக்கின்றது. வாங்கியவர் மட்டுமன்றிக் கொடுத்தவரும் குற்றவாளி. பதவிநிலை உத்தியோகத்தர் தம் சொத்துக்களையும் பொறுப்புக்களையும் வெளிப்படுத்தவும் வேண்டும்.

சட்டம் இத்தனை கடுமையாயிருந்தும் வழக்கம் ஏன் ஒழியவில்லை? அதற்கு விடை கந்தோரில் மாத்திரம் இல்லை, வீட்டிலும் உண்டு. சபையில் வருமானப் பகுதி இலிகிதர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் சம்பளம் இவ்வளவென்று மனைவிக்குந் தெரியும், மாமனாருக்குந் தெரியும், அயலவருக்குந் தெரியும். அடுத்த வீட்டாருக்குப் புதிய மோட்டார்ச் சைக்கிள் வந்தபோது, "அவரும் உங்களோடு ஒரே கிளாஸ்தானே?" என்று ஒரு கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்வி பல்லைக் கடித்துக்கொண்டு நேர்மையாயிருந்த எத்தனை பேரை நெறி பிறழச் செய்திருக்கிறது! பின்னர் ஒருநாள் சம்பளத்துக்கு மேலே ஒரு தொகை வீட்டுக்கு வருகிறது. "எங்கிருந்து வந்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. கேளாமைதான் முதல் சம்மதம்.

இதற்கு மாறாக, கேட்ட குடும்பங்களும் உண்டு. பண்டிகை நாளில் ஒப்பந்தகாரர் அனுப்பிய பெட்டியை வாசலிலேயே திருப்பிய தாய்மார் நம்மூர்களில் இருந்திருக்கின்றனர். அவர்கள் பெயர் எந்தக் கோவையிலும் இல்லை. ஆனால் அவர்களுடைய கணவன்மார் இறுதிநாள்வரை நெஞ்சு நிமிர்த்தி வீதியில் நடந்தனர். பென்ஷன் பெற்று வீடு வந்தபோது ஊரார் எழுந்து நின்றனர். கையூட்டை ஒழிக்கும் ஆணைக்குழு கொழும்பிலே ஒன்றுதான். வீட்டுக்கு வீடு ஒன்று அமைந்தால் கொழும்பிலுள்ளதற்கு வேலை குறையும்.

கொடுப்பவர்க்கும் நாம் ஒன்று சொல்லுவோம். "அலைச்சலை மிச்சம் பண்ணலாம்" என்று ஐந்நூறு ரூபாவை மடித்துக் கொடுப்பவர், தமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஏழை விதவைக்கும் அதே விலையை நிர்ணயித்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது ஒருநாட் செலவு. அவளுக்கு அது ஒரு கிழமைச் சோறு.

மொழியும் ஓர் ஒழுக்கமே

மேசைக்கு இப்புறத்தில் நிற்பவர் தமிழிற் பேச, அப்புறத்தில் இருப்பவர் சிங்களத்திற் பதிலிறுக்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழிக்குங் காட்சி நம்நாட்டிற் புதிதன்று. 1956-ம் ஆண்டின் 33-ம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கருமமொழியாக்கியது. 1987-ம் ஆண்டு வந்த அரசியலமைப்பின் 13-வது திருத்தம் தமிழையும் அரச கருமமொழி என்றது. 1988-ம் ஆண்டின் 16-வது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. வடக்குக் கிழக்குக்கு வெளியே சிங்களத்திற் கருமமாற்றும் சபைக்குச் சென்றாலும், தமிழிற் கடிதம் எழுதித் தமிழிற் பதில் பெறுதல் நமது அரசியலமைப்பு உரிமை. அவ்வண்ணமே வடக்குக் கிழக்கில் வாழும் சிங்கள மொழியார்க்கும் அவர்தம் மொழியிற் பதில் பெறும் உரிமை உண்டு.

எழுத்திலுள்ள உரிமை மேசைக்கு வருவதற்கு ஆள் வேண்டுமன்றோ? அதற்காகவே 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கச் சுற்றுநிருபம், அவ்வாண்டு சூலை முதலாந் தேதிக்குப் பின் அரசாங்க சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்றைய அரச கருமமொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று விதித்தது. சம்பள ஏற்றத்துக்காகப் பரீட்சையிற் சித்தியடைந்து, மறுநாளே பாடத்தை மறந்தவர்கள் இருக்கலாம். எனினும் இரண்டாம் மொழியை மனமார்ந்து கற்ற ஓர் இலிகிதர் தம் கந்தோரிற் செய்யும் நன்மை பெரிது. தெரியாத மொழியில் எழுதப்பட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் கிழவருக்கு, தம் மொழியில் "இருங்கோ ஐயா" என்று ஒரு சொல் கேட்டால், அரசாங்கம் முழுவதும் அவருக்கு உரியதாகிவிடுகிறது.

இந்த இடத்தில் மரியாதை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஷர்ட்டும் சப்பாத்துமாக வந்தவருக்கு நாற்காலியும், சாரத்தோடு வந்தவருக்கு வாசற்படியும் காட்டும் வழக்கம் சில கந்தோர்களில் இன்னும் உண்டு. கோவையில் "வேட்டி கட்டியவரை நிறுத்திவை" என்ற விதி எங்குமில்லை.

குற்றஞ் சாட்டப்பட்டவரின் உரிமை

ஒழுக்கம் என்றவுடனே தண்டனையைப் பற்றியே நினைத்தல் நம் வழக்கம். ஆனால் விதிக்கோவையின் பெரும் பகுதி உத்தியோகத்தரைப் பாதுகாப்பதற்கே எழுதப்பட்டது. மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. முதலில் ஆரம்ப விசாரணை நடைபெற வேண்டும். குற்றத்துக்கு முகாந்தரம் உண்டெனக் கண்டால், குற்றங்களைத் தெளிவாக எழுதிக் குற்றப்பத்திரிகை வழங்க வேண்டும். அவர் விடை எழுதுவதற்குத் தவணை அளிக்க வேண்டும். விடை திருப்தியளியாவிடின் முறைப்படி விசாரணை நடத்தப்படும். சாட்சிகளை அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். தம் சார்பிலே பேச ஒருவரைத் துணைகொள்ளலாம். முடிவு பாதகமாயின் மேன்முறையீடு செய்யலாம்.

குற்றங்களையும் கோவை இரண்டு அட்டவணைகளாக வகுத்திருக்கின்றது. முதலாம் அட்டவணையில் உள்ளவை பாரதூரமானவை. வேலைநீக்கம் வரை செல்லக்கூடியவை. இரண்டாம் அட்டவணையில் உள்ளவை கண்டனம், சம்பள ஏற்றத்தை நிறுத்தல் போன்ற சிறு தண்டனைகளோடு முடிபவை. பிந்தி வந்தவனையும் பெட்டகத்தை உடைத்தவனையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதே இதன் நியாயம்.

ஆயினும் நடைமுறையில் ஒரு பெருங்குறை உண்டு. விசாரணை முடிவதற்கு ஆண்டுகள் செல்லுதல் வழக்கம். பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டவர் குற்றவாளியாயின், அவ்வளவு காலமும் தீர்ப்பின்றித் தப்பியிருக்கிறார். நிரபராதியாயின், அவ்வளவு காலமும் தீர்ப்பின்றித் தண்டனை அனுபவித்திருக்கிறார். அவர் மகளின் கலியாணம் நின்றுபோகிறது. மகன் பள்ளியில் தலைகுனிகிறான். "குற்றமற்றவர்" என்ற கடிதம் கடைசியாக வரும்போது, அதை வாசித்து மகிழ்வதற்குச் சிலவேளை அவர் இருப்பதில்லை. விரைவும் நீதியின் ஓர் உறுப்பென்பதை அதிகாரிகள் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

விடியுமுன் எழுபவர்கள்

சபை ஊழியர் என்றதும் மேசையும் பேனாவும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் சபையை உண்மையில் நாம் தினந்தோறும் காண்பது துடைப்பமும் வண்டியுமாக வரும் துப்புரவுத் தொழிலாளரிடத்திலேயே. கொழும்பிலும் கண்டியிலும் பல தலைமுறைகளாக இவ்வேலையைச் செய்துவந்தவருட் பெரும்பாலார் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த தமிழர். கண்டி மகியாவைக் குடியிருப்பு இதற்குச் சான்று. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்திய வம்சாவளியினரான இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். நகரை நாளும் கூட்டிப் பெருக்கியவருட் பலர் அந்நகரின் பிரசைகளல்லர் என்ற விந்தை நெடுங்காலம் நீடித்தது. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

விதிக்கோவையின் ஒழுக்கம் இவர்களுக்கும் உண்டு. வண்டி நேரத்துக்கு வரவேண்டும், சீருடை அணியவேண்டும், வேலைவேளையிற் குடித்திருத்தலாகாது, வீட்டாரிடம் கைநீட்டலாகாது. நன்று. ஆயின் கையுறையும் சப்பாத்தும் தரவேண்டிய கடமை சபைக்கில்லையா? நாட்சம்பளத்தில் ஆண்டாண்டாக அமய ஊழியராகவே வைத்திருந்து, லீவுமின்றிப் பென்ஷனுமின்றி அனுப்பிவிடுதல் எந்த அட்டவணையைச் சேர்ந்த குற்றம்? கீழோரிடம் ஒழுக்கம் கேட்பவர் தாமும் அவர்க்கு ஒழுங்காக நடத்தல் வேண்டும்.

இதில் நமக்கும் பங்குண்டு. உடைந்த கண்ணாடியையும், பாவித்த ஊசியையும், மீன் தலையையும் ஒரே பையிற் கட்டி வாசலில் வைக்கிறோம். அதைப் பிரிப்பது நாமல்லர், வேறொருவருடைய வெறுங்கை. 2017-ம் ஆண்டு ஏப்பிரல் 14-ந் தேதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரத்தின் வீடுகளிலிருந்து போன குப்பை, ஏழைகளின் வீடுகள்மேல் விழுந்தது. நம் வீட்டு வாசலைத் தாண்டியதும் குப்பை மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் வாசலுக்கே போகிறது. அன்று முதலாவது வீட்டார் தம் குப்பையைத் தரம் பிரித்து வைக்கத் தொடங்கியிருந்தால் மலை அவ்வளவு உயர்ந்திராது. தொற்றுநோய் பரவிய 2020-ம் ஆண்டில் நாமெல்லாம் கதவடைத்து உள்ளே இருந்தபோது, கதவுக்கு வெளியே நின்றவர்கள் இவர்களே என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்யத்தக்கவை

கந்தோர் திருந்தவேண்டும் என்று திண்ணையிலிருந்து பேசுதல் எளிது. திருத்துவதற்குரிய கருவிகள் சில நம் கையிலும் உள்ளன. 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் உளர். நமது வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, நம் விண்ணப்பம் எந்த மேசையிற் கிடக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வரவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கேள்வி கேட்பவர் உத்தியோகத்தரின் பகைவரல்லர். நேர்மையான உத்தியோகத்தருக்கு அக்கேள்வி பெருந்துணை. "நான் மறைக்கவில்லை" என்று காட்டுதற்கு அவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

முறைப்பாடு செய்வதாயின் பெயரிட்டு, தேதியிட்டு, நடந்ததை நடந்தவாறு எழுதுவோம். மொட்டைக் கடிதம் நல்லவரை வருத்தும், கெட்டவரைத் தொடாது. அதுபோலவே, நன்மை செய்த ஊழியரைப் பாராட்டியும் மேலதிகாரிக்கு இரு வரி எழுதுவோம். எந்த ஊழியரின் சொந்தக் கோவையைத் திறந்தாலும் குற்றச்சாட்டுக் கடிதங்கள் கிடைக்கும். நன்றிக் கடிதம் கிடைப்பது அரிது. நன்றி என்ற ஒன்றைக் காணாமலே முப்பதாண்டு உழைத்தவரிடம் முகமலர்ச்சியை எவ்வாறு எதிர்பார்ப்பது?

இவ்வாண்டு சபை உத்தியோகத்திற் காலெடுத்து வைக்கும் இளைஞரும் யுவதிகளும் நம் குடும்பங்களிற் பலர் இருப்பர். தகுதிகாண் காலமும் வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சையும் அவர்களுக்கு முன்னால் நிற்கின்றன. அப்பரீட்சைக்குரிய விதிகளை மனனஞ் செய்வது எளிது. ஆயின் வினாத்தாளில் வராத பரீட்சை ஒன்று ஒவ்வொரு காலையும் மேசைக்கு முன் வந்து நிற்கும்; சில நாள் அது கிழிந்த குடையோடும், சில நாள் கைக்குழந்தையோடும், சில நாள் பிறமொழி பேசிக்கொண்டும் வரும். அதிற் சித்தியடைந்தவர்க்குச் சம்பள ஏற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஓய்வுபெற்ற மறுநாள் சந்தைக்குப் போகும்போது, ஊரார் அவரைப் பார்த்து முகந்திருப்பிக் கொள்ளமாட்டார்கள்.